இரண்டு கைப்பிடி கோதுமை மாவு

அபி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ சென்னையிலிருந்து பேசிவிட்டுப் போனை வைத்தாயே, அதிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. கொல்லைக்குப் போகிறேன், வாசலுக்கு வருகிறேன். மழை விட்ட நேரத்தில் வயலுக்குப் போய் மடையைத் திறந்துவிடுகிறேன். வீட்டுக்கு வந்ததும், திறந்தது சரியா, மூடியே வைத்திருக்கலாமோ என்று மறுபடியும் போகிறேன். கீழவீட்டு வசந்தா, "என்னண்ணே, குட்டி போட்ட பூனையாட்டம் அலையிறீங்க, பாப்பா தீபாவளிக்கு வரலைன்னுட்டாளா?" என்று கேட்டாள். வருகிறாள் என்றேன். அதுதான் இப்போது சிக்கலே என்று அவளிடம் சொல்லவில்லை.

"தீபாவளிக்கு நேரா நம்ம வீட்டுக்குத்தாம்ப்பா வர்றோம். திருக்காட்டுப்பள்ளிக்கு அவரு மட்டும் போயி அவங்கம்மாவப் பாத்துட்டு வந்துருவாரு" என்று சொன்னாய். மாமியார் வீட்டில் ஒரு வேளையாவது இருந்துவிட்டு வரலாமே என்று நான் இழுத்தேன். "கோவிச்சுக்காதீங்கப்பா. இந்த உலகத்துல பயமில்லாம நான் கை நனைக்கிற ஒரே வீடு நம்ம வீடுதான்" என்றாய். வேறொரு அப்பாவாக இருந்தால் அந்தப் பேச்சைக் கேட்டுப் பூரித்துப் போயிருப்பான். நான் சரிம்மா என்று சொல்லிவிட்டு, போனைச் சார்ஜில் போடுவதாகச் சாக்குச் சொல்லி வைத்துவிட்டேன்.

நான் சொல்லவேண்டியதைப் போனில் சொல்ல முடியாது. பாதி சொல்வதற்குள் நீ "பரவால்லப்பா" என்று விடுவாய். அந்தப் பரவாயில்லையைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைச் சொல்லாமல் நான் தப்பித்துக்கொள்வேன். என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம். முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

சின்ன வயதில் நீ நோஞ்சான். வாயில் புண், கண்ணில் வெளிறல், பள்ளிக்கூடத்தில் பிரேயரில் நின்றால் மயக்கம். ரத்தம் இல்லை என்று ஊசி போட்டார்கள், பூச்சி மருந்து கொடுத்தார்கள், வேப்பிலைக் கொழுந்தை அரைத்துப் புகட்டினோம். நெல் விளைகிற நம் சீமையில் கோதுமைக்கு ஒரு தனி மரியாதை உண்டு. அரிசி என்றால் தினப்படி தின்பது, கோதுமை என்றால் டாக்டர் சொல்லித் தின்பது. காய்ச்சலுக்கு ரொட்டியும் பாலும், வயிறு சரியில்லை என்றால் பன், உடம்பு தேறக் கோதுமைக் கஞ்சி, சர்க்கரை வந்தால் ராத்திரிக்குச் சப்பாத்தி. நீ எவ்வளவுக்கு இளைத்தாயோ அவ்வளவுக்கு உன் அம்மா சப்பாத்தி போட்டாள். நானும் மழையில் வண்டியை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய் உனக்கென்று பன் வாங்கி வந்து, பக்கத்தில் நின்று தின்னவைத்தேன். வேண்டாம் என்று அழுதால் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நடிக்கிறாய் என்று ஒரு தடவை முதுகில் ஓர் அடி வைத்தேன். நாங்களே உன்னை நோயாளியாக்கிக்கொண்டிருந்தோம் என்பது உன் அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. அந்த ஒரு விஷயத்தில் அவள் கொடுத்துவைத்தவள்.

அவள் போன பிறகு நீ சென்னைக்கு வேலைக்குப் போனாய். அங்கேதான் ரத்தம் எடுத்து, குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்து, சீலியாக் என்று பேர் சொன்னார்கள். கோதுமை, மைதா, ரவை எல்லாவற்றிலும் குளூட்டன் என்று ஒன்று இருக்கிறது, அது என் குடலை அரிக்கிறது, ஆயுசுக்கும் தொடக்கூடாது, துளியும் கூடாது என்று போனில் விளக்கினாய். துளி என்று நீ அழுத்திச் சொன்னது என் காதில் ஏறவில்லை. "இவ்வளவுதானா, தஞ்சாவூர் சில்லாவுல பொறந்தவளுக்கு இதெல்லாம் ஒரு வியாதியா" என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை என்பதை அன்று கவனிக்கவும் இல்லை.

அப்படிச் சிரித்ததில் பாதி நியாயமும் இருந்தது என்று இப்போதும் நினைக்கிறேன். இங்கே ஐப்பசி அடைமழை. சம்பா நட்டு முடிந்து வயல் பச்சை பிடித்துவிட்டது. வரப்புப் பொந்திலிருந்து நண்டு வெளியே வருகிறது. முந்தாநாள் வசந்தா ஒரு சட்டி பிடித்து, மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு ரசம் வைத்துக் கொடுத்தாள். மூக்கில் நீர் வழிய வழியக் குடித்தேன். இடி இடித்த மறுநாள் வைக்கோல் போர் ஓரத்தில் காளான் முளைத்திருந்தது. சந்தைக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வந்துவிட்டது. சுடச்சுட அவித்து, விரல் பொறுக்காமல் கைக்குக் கை மாற்றி மாற்றித் தோலை உரித்துத் தின்பாயே, அந்தச் சிவப்புக் கிழங்குதான். பௌர்ணமிக்குச் சிவன் கோயிலில் அன்னாபிஷேகம். சாமி தெரியாத அளவுக்குச் சோற்றைச் சாத்தி, அப்புறம் அதில் தயிர் விட்டுப் பிசைந்து கையில் போடுவார்கள். கார்த்திகை பிறந்தால் நெல்பொரி உருண்டை. இதில் எதிலும் கோதுமை கிடையாது. கார்த்திகை அப்பத்துக்கு மட்டும்தான் நம் பக்கம் கோதுமை மாவு கரைக்கிறார்கள். அதையும் பச்சரிசி, வெல்லம், பழுத்த வாழைப்பழம் மூன்றையும் வைத்துச் சுட்டுப் பார்த்தேன். ஓரம் மொறுமொறுவென்று, நடு மெத்தென்று, நன்றாகவே வந்தது. கூடாததை எண்ணிக்கொண்டு உட்காராதே அபி. உன் அம்மா உனக்கு ஆகாததைத் தெரியாமல் ஊட்டியதற்கு ஈடுகட்டுகிற மாதிரி, இந்த மழைக்காலம் ஆகிறதை எல்லாம் கொண்டுவந்து கொட்டுகிறது. வெட்கப்படாமல் ஆசைப்பட்டுச் சாப்பிடு.

மீதிப் பாதியை நான் இந்த ஒரு வருடமாகத்தான் கற்றுக்கொண்டேன். கடைப் பெருங்காயத்தில் மைதா சேர்க்கிறார்களாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் வீட்டு ரசத்தில் ஆயுசு முழுக்க அது இருந்திருக்கிறது. மாவு மில்லில் நமக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்திருந்தால், அடுத்து விழுகிற நம் அரிசி மாவிலும் அது கலந்துதான் வரும். இப்போது அரிசியை மிக்ஸியில் அரைத்துச் சலிக்கிறேன். நீ பொங்கலுக்கு வந்தபோது, "அப்பா எவ்வளவு கவனமா இருக்கீங்க" என்று மெச்சினாய். எதனால் அந்தக் கவனம் வந்தது என்று நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பார், சொல்லவந்ததை விட்டுவிட்டு நண்டு, கிழங்கு, மாவு மில் என்று சுற்றிக்கொண்டிருக்கிறேன். அங்கே சுற்றுவது சுலபமாக இருக்கிறது.

உன்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், வியாதியைப் பற்றி மூச்சு விடாதே என்று உன்னிடம் சொன்னவன் நான். நீ கேட்கவில்லை. காபியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து, எனக்குக் கோதுமை ஆகாது, இன்னின்னது கூடாது என்று எல்லாவற்றையும் அவர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டாய். உன் மாமியார் கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டு, "நம்மூர்ல கோதுமையா வெளையுது? சோறு தின்னுமில்ல, அது போதும் எனக்கு" என்று சொன்னார். அவருக்கே சர்க்கரை. ராத்திரிக்குச் சப்பாத்தி தின்கிறவர். இருந்தாலும் நீ போனால் உனக்கென்று தனியாக அரிசி தோசை ஊற்றினார். அவர் அன்றைக்குச் சொன்ன வார்த்தையை ஒழுங்காகக் காப்பாற்றினார் என்பதை நீயும் நானும் இன்று ஒத்துக்கொள்ள வேண்டும்.

இனி போன தீபாவளி. உனக்குத் தலை தீபாவளி. சம்பந்தி வீட்டுக்கு அனுப்புகிற தட்டில் அதிரசம் இருந்தே ஆகவேண்டும். கடையில் வாங்க மாட்டேன் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். கடைப் பலகாரம் உனக்கு ஆகாது என்று ஊருக்குச் சொன்னேன். உண்மையில் எனக்கு வீம்பு. அம்மா இல்லாத வீடு என்று யாரும் ஒரு சொல் சொல்லிவிடக்கூடாது. அரிசியை ஊறவைத்து, துணியில் உலர்த்தி, அரைத்து, சலித்து எல்லாம் சரியாகத்தான் செய்தேன். பாகைத் தண்ணீரில் விட்டால் உருட்ட வரவேண்டும். நான் ஒரு கொதி முந்தி இறக்கிவிட்டேன். நீங்கள் வருகிற அன்று காலையில் வசந்தாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு எண்ணெயில் போட்டால், முதல் அதிரசம் கரைந்து தூளாகப் போனது. இரண்டாவதும் அப்படியே. ஒரத்தநாட்டிலிருந்து வந்திருந்த உன் அத்தை அடுப்படி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பொம்பள இல்லாத வீட்டுல ஏன் தம்பி இந்த விஷப் பரீட்ச, கடையில சொல்லியிருக்கலாம்ல" என்றார். அவர் மனதில் கெடுதல் இல்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் நான் நான்கு நாளாக வேலை செய்துகொண்டிருந்தேன்.

ரேஷனில் வாங்கி அரைத்துவைத்த கோதுமை மாவு அலமாரியில் இருந்தது. எல்லா வீட்டிலும் செய்கிற வைத்தியம்தான், இளகிய அதிரச மாவுக்குக் கொஞ்சம் கோதுமை மாவு போட்டால் பிடித்துக்கொள்ளும். நான் டப்பாவை எடுத்தேன். "பாப்பாவுக்கு ஆகாதேண்ணே" என்றாள் வசந்தா. "இது தட்டுக்குப் போறது. பாப்பாவுக்கு ஒடஞ்ச தூளு இருக்கே, அதை எடுத்துவைக்கிறேன். அப்படியே ஒண்ணு தின்னாலும் ரெண்டு கைப்பிடிதானே, கொதிக்கிற எண்ணெய்ல என்ன மிஞ்சப்போவுது" என்றேன். தெரியாமல் செய்தேன் என்று எழுதக் கை வருகிறது அபி. தெரிந்துதான் செய்தேன். துளியும் கூடாது என்று நீ சொன்னது அந்த நேரம் ஞாபகத்துக்கு வந்தது. வந்ததைத் தள்ளிவிட்டேன். அதற்கப்புறம் அதிரசம் ஒவ்வொன்றும் வட்டமாக, பொன் நிறத்தில் வந்தது. உன் அத்தைகூட வாயை மூடிக்கொண்டார்.

நீங்கள் முதல் நாள் ராத்திரி திருக்காட்டுப்பள்ளியில் தங்கிவிட்டு மத்தியானம் வந்தீர்கள். மறுநாள் தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, லேகியத்தை வாயில் போட்டுக்கொண்டு, ஈரத்தலையோடு நேராக அடுப்படிக்கு வந்தாய். உனக்கென்று தூளை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்திருந்தேன். நீ அதைப் பார்க்கவே இல்லை. தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தாய். கண்ணை மூடிக்கொண்டு மென்றாய். "அம்மா செஞ்ச மாதிரியே இருக்குப்பா" என்றாய். உன் கண் கலங்கியிருந்தது. அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். துப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். நான் நெய்க்கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன். நீ நான்கு அதிரசம் தின்றாய். நான்கையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வயிறு ஊதி, சுருண்டு படுத்துவிட்டாய். இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. மாப்பிள்ளை உன் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தார். அப்போதுகூட நீ என்னைச் சந்தேகப்படவில்லை. ஒரு பேச்சுக்குத்தான் கேட்டாய்: "அதிரசத்துல எதுவும் கலக்கலியேப்பா?" சுத்தப் பச்சரிசிம்மா என்றேன். நீ யோசித்துக்கொண்டே இருந்துவிட்டு, "அப்ப அவங்க வீட்டு தோசைக்கல்லுதான். அதுலதான் அவங்க சப்பாத்தியும் போடுறாங்க" என்றாய். என் முகத்தைப் பார்த்தாய். நான் தலையை ஆட்டினேன். "இருக்கும்" என்றேன்.

அதிரசத்தை மன்னித்துவிடலாம், அது வீம்பில் செய்த தப்பு. இந்த "இருக்கும்" அப்படியில்லை. நீ படுத்தபடியே உன் மாமியாருக்குப் போன் போட்டுக் கேட்டாய். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் குரல் எனக்கும் கேட்டது. "நல்லாத் தேச்சுக் கழுவிட்டுத்தாம்மா ஊத்துனேன், தெரியாமப் போச்சேம்மா, தெரியாமப் போச்சே" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். இனி அந்த வீட்டில் சாப்பிட மாட்டேன் என்று நீ சொல்லிவிட்டாய். மாப்பிள்ளையும், உன்னை விட்டுவிட்டுத் தான் மட்டும் தின்பது முறையில்லை என்று அங்கே ஒரு டம்ளர் தண்ணீரோடு எழுந்துவிடுகிறாராம். பொங்கலுக்கு இங்கே மூன்று நாள் இருந்தீர்கள். பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்தில் இருக்கிற அந்த வீட்டுக்குப் போய் நின்றபடியே பார்த்துவிட்டு வந்தீர்கள். நான் உனக்குப் பார்த்துப் பார்த்துச் சமைத்துப் போட்டு நல்ல பேர் வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ அப்படிச் சொன்ன பிறகு மூன்று நாள் அலைந்துவிட்டு, வியாழக்கிழமை ஒரு வாழைத்தாரை எடுத்துக்கொண்டு திருக்காட்டுப்பள்ளிக்குப் பஸ் ஏறினேன். உன் மாமனார் வெளியே போயிருந்தார். உன் மாமியார் மட்டும் இருந்தார். உட்காருங்க சம்பந்தி என்றார். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரிந்ததால் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கோதுமை மாவு, நான்கு அதிரசம், இருக்கும் என்று நான் சொன்னது, ஒன்று விடாமல். அவர் என்னைப் பார்க்கவில்லை. வாழைத்தாரை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தார். பிறகு, "நாந்தான்னு நெனச்சிட்டிருந்தேன் சம்பந்தி" என்றார்.

கோபப்படுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். கோபமும் பட்டார். "ஒரு வருஷம். எம் புள்ள எங்கிட்ட உக்காந்து ஒரு வாய் சோறு திங்கல. நான் என்ன பாவம் பண்ணுனேன்னு கோயில் கோயிலா கேட்டுக்கிட்டிருந்தேன். நீங்க பத்திரிகை வச்சு அழைக்க வந்த அதே வீட்டுலதான் இருந்தேன், ஒரு வார்த்தை வந்து சொல்ல முடியலியா உங்களுக்கு?" என்று கேட்டார். அவர் எழுந்து உள்ளே போனார். பின்னாலேயே வரச் சொன்னார். அடுப்படியில் புது தோசைக்கல் மாட்டியிருந்தது. பழையது அவருடைய மாமியார் காலத்துக் கல்லாம், அதை எடைக்குப் போட்டுவிட்டாராம். வீட்டில் கோதுமை மாவு, மைதா, ரவை எதுவும் கிடையாது. போன தீபாவளியிலிருந்து அவர் சப்பாத்தி தொடவில்லை. ராத்திரிக்குக் கேழ்வரகுக் களி. "டாக்டரு திட்டத்தான் திட்டுறாரு. என்னைக்காவது மனசு மாறி வந்து நின்னா, அந்தப் புள்ளைக்கு ஆகாத வாசனகூட இந்த வீட்டுல இருக்கக்கூடாதுன்னு வச்சிருக்கேன்" என்றார். உன் பேர் எழுதி ஒட்டாத குறைதான், அந்த அடுப்படி முழுக்க உனக்காகக் காத்துக்கொண்டு சும்மா கிடக்கிறது.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். குடையை எடுத்துக் கொடுத்துவிட்டு, "இதை அவகிட்ட சொல்லிப்புடாதீங்க சம்பந்தி" என்றார். எனக்குப் புரியவில்லை. "எங்க வீட்டு மேல உள்ள பயம் அவளுக்குப் பழகிப்போச்சு. உங்க வீட்டு மேலயும் பயம் வந்துட்டா, அந்தப் புள்ள எங்கதான் போயி நிம்மதியா ஒரு வாய் திங்கும்? பழி எம்மேலயே இருந்துட்டுப் போவட்டும்" என்றார்.

நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். தலையாட்டுவதில் எனக்குத்தான் பழக்கம் இருக்கிறதே. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மழையில் நனைந்துகொண்டே வந்தேன், ஜன்னலை இழுத்து விடுங்க பெரியவரே என்று கண்டக்டர் இரண்டு தடவை சொன்னார். பெற்ற தகப்பன் தன் பேரைக் காப்பாற்றிக்கொள்ள உன்னைப் படுக்கையில் போட்டான், அந்தம்மா உனக்கு ஒரு வேளைச் சோறு நிம்மதியாக இறங்க வேண்டும் என்று தன் பேரை விட்டுக்கொடுக்கிறார். இதற்கு மேலும் சொல்லாமல் இருந்தால் நான் தின்கிற சோறு எனக்கு ஒட்டாது. அவர் சொல்லாதே என்றதால்தான் எழுதுகிறேன்.

தீபாவளிக்குப் பூதலூர் ஸ்டேஷனில் இறங்கியதும் வீட்டுக்கு வராதே. மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திருக்காட்டுப்பள்ளி பஸ்ஸில் ஏறு. என்மேல் கோபப்பட உனக்கு எத்தனையோ நாள் இருக்கிறது. அவருக்கு ஏற்கெனவே ஒரு வருடம் போய்விட்டது. மன்னிப்பு, விளக்கம் என்று வாசலிலேயே நின்று ஆரம்பிக்காதே, அவருக்கு அழுகை வந்துவிடும். உள்ளே போய் அடுப்படியில் உட்கார்ந்து, பசிக்கிறது என்று சொல். அவர் தட்டில் எதை வைத்தாலும் ஒன்றும் கேட்காமல் சாப்பிடு. அதற்கப்புறம் மனம் வந்தால் இங்கே வா. வந்தால், இந்த வீட்டில் மட்டும், இதில் என்ன கலந்திருக்கிறது என்று ஒவ்வொன்றையும் என் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டுச் சாப்பிடு.

அப்பா